படுக்க ஓரிடம், பிழைக்க ஓரிடம்

(வெள்ளவத்தையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த இலங்கைப் புவியியல் உங்களுக்கு நினைவிருக்கும். ஈரவலயத்தில் தேயிலையும் றப்பரும், உலர்வலயத்தில் நெல், நடுவில் தென்னை முக்கோணம். பென்சிலால் தீட்டிக் கொடுத்தால் புள்ளி கிடைக்கும். அந்தப் படத்தில் கொழுந்து இருந்தது. கொழுந்து பறித்தவள் எந்த அறையில் படுத்து எழும்பினாள் என்பது இருக்கவில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் நங்கூரம் வரைந்தோம். மூட்டை இறக்கியவன் எந்தத் தெருவிலிருந்து நடந்து வந்தான் என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இன்றைக்கு அதைக் கேட்கப் போகிறேன். ஒரு தொழிலாளி இரவில் எங்கே படுக்கிறார்? பகலில் எங்கே பிழைக்கிறார்? இரண்டுக்கும் நடுவிலுள்ள வழி யார் கையில் இருக்கிறது? இந்த மூன்றும் தெரிந்தால், முதலாளிக்கு முன்னால் அவருடைய பேச்சு எவ்வளவு எடுபடும் என்பதில் பாதி தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். மற்றப் பாதிக்குச் சட்டம், கட்சி, சாதி, இனம், தனிமனிதத் துணிச்சல் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றைப் பற்றி இந்த ஊரில் எத்தனையோ கூட்டங்கள் நடந்துவிட்டன. படுக்கையைப் பற்றித்தான் அதிகம் பேசவில்லை.

கொட்டாஞ்சேனையில் தொடங்குவோம். கொழும்புத் துறைமுகம் இயற்கை தந்தது அல்ல. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கப்பல் நிம்மதியாக நிற்கமுடியாத திறந்த கடல் அது. கிழக்கே போன நீராவிக் கப்பல்கள் காலியைத்தான் நாடின. 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்து அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அது முடிந்தது. அதற்கு முன்பே, 1867இல், கண்டிக்கு றெயில் போய்விட்டது. 1869இல் சுயெஸ் கால்வாயும் திறந்தாயிற்று. மலையிலிருந்து இறங்கிய கோப்பிக்கும், பின்னால் வந்த தேயிலைக்கும், தோட்டங்களுக்குப் போகவேண்டிய அரிசிக்கும், கப்பல்கள் கேட்ட நிலக்கரிக்கும் கொழும்பே வாசலானது. காலி படுத்துவிட்டது. ஓர் ஊரின் பிழைப்பை இன்னோர் ஊருக்குத் தூக்கிக் கொடுக்க ஒரு சுவர் போதுமாக இருந்தது.

நிலக்கரி சுமக்க, அரிசி மூட்டை இறக்க, தேயிலைப் பெட்டி ஏற்ற ஆட்கள் வேண்டும். எப்போது வேண்டும் என்றால், கப்பல் வரும்போது. கப்பல் இல்லாத நாளில் வேண்டாம். ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும், ஆனால் கூப்பிடாத நாளுக்குக் கூலி கொடுக்கக் கூடாது. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, முகத்துவாரம், புளூமெண்டால் பக்கங்களில் ஒற்றை அறை வரிசை வீடுகளும் முடுக்குகளும் அப்படி நெருங்கி எழும்பியதற்கு இந்தக் கணக்குப் பெரிய காரணம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், மலையாளக் கரையிலிருந்து வந்தவர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே தண்ணீர்க் குழாயில் வரிசையில் நின்றார்கள். அந்த வாழ்க்கையை அழகுபடுத்திக் காட்ட எனக்கு விருப்பமில்லை. மழைக்கு ஒழுகும் வீடு, நாலு குடும்பத்துக்கு ஒரு மலசலகூடம்.

ஆனால் அந்த ஒழுகும் வீட்டில் ஒரு நல்லகாலம் இருந்தது. வீட்டுக்காரர் வாடகை வாங்கினார், வேலை வாங்கவில்லை. துறைமுகக் கொம்பனி வேலை வாங்கியது, வீடு கொடுக்கவில்லை. வேலைநிறுத்தம் செய்தவனைக் கொம்பனி நாளைக்கு வராதே என்று சொல்லலாம். இன்றிரவே அவனுடைய பாயைச் சுருட்டித் தெருவில் எறிய அதற்கு வழியில்லை. வாடகைக்கு வீட்டுக்காரர் கொஞ்சநாள் தவணை கொடுப்பார். மூலைக் கடைக்காரர் கொப்பியில் எழுதிவிட்டு அரிசி நிறுப்பார், ஏனென்றால் முழுத் தெருவும் வேலைக்குப் போகாதபோது ஒருவனுக்கு மட்டும் கடன் மறுத்தால் அவருடைய கடையும் படுத்துவிடும். இந்தச் சின்ன இடைவெளியில் வேர் விட்டதுதான் கொழும்பின் தொழிற்சங்கம்.

குமாரி ஜயவர்தன 1972இல் வெளியிட்ட இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றை ஒரு தெருப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். 1893இல் அச்சுத் தொழிலாளர், 1906இல் மாட்டுவண்டிக்காரர், 1912இல் றெயில்வே, 1923இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவின் பொது வேலைநிறுத்தம், 1927இல் துறைமுகம். எல்லாம் கோட்டையிலிருந்து நடந்துபோகும் தூரத்துக்குள் அடங்கிவிடும். செய்தி கால்நடையாகப் போன காலம் அது. மருதானையில் காலையில் நடந்தது கொட்டாஞ்சேனைக்கு மத்தியானத்துக்கு முன் தெரிந்துவிடும்.

1929இன் டிராம் வேலைநிறுத்தம் இதற்கு நல்ல உதாரணம். டிராம் பாதை கோட்டையிலிருந்து ஒரு கையாகக் கிராண்ட்பாஸுக்கும், இன்னொரு கையாக மருதானை வழியே பொரளைக்கும் போனது. இரண்டும் தொழிலாளர் குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றவை. வேலைநிறுத்தத்தை முறிக்கப் புது ஆள் வைத்து வண்டியை ஓட்டலாம்தான். ஓட்டினால் அது போய்ச்சேர வேண்டிய இடம் வேலைநிறுத்தக்காரனின் வீட்டு வாசல். ஏறவேண்டிய பிரயாணி அவனுடைய மச்சான். கடைசியில் மருதானைப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது, பொலிஸ் சுட்டது, உயிர்கள் போயின. அதே ஆண்டில்தான் முதலாளிகள் ஒன்றுகூடித் தங்களுக்கு ஒரு சம்மேளனம் அமைத்து, குணசிங்காவோடு கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தொழிலாளர் ஒரு தெருவில் கூடியிருந்ததால் முதலாளிகளும் ஒரு மேசையில் கூடவேண்டி வந்தது.

இனி மலைக்கு ஏறுவோம். தேயிலை ஒரு விசித்திரமான பயிர். ஏழு, எட்டு நாளுக்கு ஒருமுறை அதே செடியில் கை வைக்கவேண்டும், பறித்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போகவேண்டும். தேங்காயைப் போல ஒரு கிழமை கிடப்பில் போட முடியாது. ஆகவே தொழிற்சாலை தோட்டத்துக்குள்ளேயே இருக்கும், ஆட்களும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். நியாயமாகப் பார்த்தால் இது தொழிலாளிக்குப் பெரிய பலம். பறிக்கும் பெண்கள் மூன்று நாள் மலையேறாவிட்டால் கொழுந்து முற்றிவிடும், தோட்டத் துரைக்குத் தூக்கம் போய்விடும். துறைமுகத்தில்கூட அவ்வளவு அவசரம் இல்லை.

அப்படியிருந்தும் மலையில் சங்கம் வேர்விடக் கொழும்பைவிட மிகவும் பிந்தியது. காரணம் லயம், தோட்டம் கொடுத்த வரிசைக் குடியிருப்பு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும் வழி துரையுடையது, பேர் போடும் செக்ரோல் துரையுடையது, படுக்கும் லயக் காம்பராவும் துரையுடையது. முழுநாள் வேலைக்கு அரைப்பேர் போட்டால் எதிர்த்துக் கேட்கலாம். கேட்டால் காம்பராவைக் காலி பண்ணு என்பார்கள். பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போகவேண்டும், அங்கேயும் ஒரு துரை இருப்பார். வெளியாள் உள்ளே வந்து பேசுவதென்றால் அது அத்துமீறல், பொலிஸ் வரும். கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடம் போட்டுக்கொண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தது நீங்கள் அறிந்த கதை. அதை நாங்கள் சுவாரசியமான சம்பவமாகச் சொல்லிச் சிரிக்கிறோம். ஒரு பத்திரிகாசிரியர், பின்னாளில் சட்டசபை உறுப்பினர், தன்னுடைய மக்களோடு பேசுவதற்குப் பிடவை மூட்டை தூக்கவேண்டியிருந்தது என்றால் அந்த நிலத்தின் வேலி எவ்வளவு உயரம் என்று யோசியுங்கள். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கொழும்பு அச்சுக்கூடத்தில் முதல் வேலைநிறுத்தம் நடந்து அப்போது ஏறக்குறைய அரை நூற்றாண்டு.

லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் கொடுக்கும் திட்டத்தை அரசியல்வாதிகள் நிழற்படம் எடுக்கும் சடங்காக ஆக்கிவிட்டார்கள். ஏழு பேர்ச்சஸ் போதாது என்பதும் உண்மை. என்றாலும் அதை நான் வெறும் வீடமைப்பாகப் பார்க்கவில்லை. உறுதி கையில் இருந்தால் வேலை போனாலும் கூரை போகாது. நாளைய சம்பளப் பேச்சுவார்த்தையில் அந்த உறுதி மேசைக்கடியில் இருக்கும். அதனால்தான் உறுதி கொடுப்பதில் இவ்வளவு இழுபறி என்று நான் சந்தேகிக்கிறேன்.

இனி இந்த ஊர். ஹவ்லொக் வீதிப் பக்கம் ஹவ்லொக் சிற்றி என்று கோபுரங்கள் நிற்கின்றனவே, அது வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த நிலம். ஒருகாலத்தில் இந்த நாட்டின் மிகப்பெரிய துணி ஆலை. 1933 பெப்ரவரியில் அங்கே ஏறக்குறைய 1400 பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், குறிப்பாக மலையாளிகள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்றவர் இளம் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா. எதிரில் நின்றவர், நம்பவே கஷ்டமான விதமாக, 1923இன் வீரர் குணசிங்கா. உலகப் பொருளாதார மந்த காலம், கொழும்பில் வேலையில்லாத சிங்களத் தொழிலாளர் நிறைய. அந்நியன் உன் வேலையைப் பிடித்துவைத்திருக்கிறான் என்று சொல்லி, வேலைநிறுத்தக்காரரின் இடத்துக்கு அவர் ஆள் அனுப்பினார்.

என்னுடைய படுக்கைக் கணக்கு இங்கே உதைக்கிறது. அந்த மலையாளித் தொழிலாளி ஆலைக்குப் பக்கத்தில்தான் படுத்தான். தோட்டத்து வேலிக்குள் அல்ல, நகரத்தில். கணக்குப்படி அவனுக்குப் பலம் இருந்திருக்க வேண்டும். இல்லாமல் போனது ஏன்? ஆலை நகரத்தின் தெற்கு ஓரத்தில் தனித்து நின்றது. துறைமுகத் தெருக்களின் அயல்பலம் அங்கே இல்லை. அதைவிடப் பெரியது, அவன் எங்கே படுத்தாலும் அவனுடைய ஊர் கடலுக்கு அந்தப்பக்கம் என்று சொல்ல முடிந்தது. வீட்டுக்கும் ஆலைக்கும் நடுவிலுள்ள வழி என்று நான் சொன்னது ஒழுங்கை மட்டுமல்ல, இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமும் தலைமன்னார்க் கப்பலும் அதில் அடங்கும். அந்த வழி இரண்டு அரசாங்கங்களின் கையில் இருந்தது. 1939இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நிறுத்த முடிவெடுத்தது. நேரு வந்து பேசினார், பலனில்லை. அந்த ஓகஸ்ட் முதலாம் திகதி முதல் இந்தியா பயிற்சியற்ற தொழிலாளர் இங்கே வருவதற்குத் தடை போட்டது. பாதை மூடியது. கொழும்பு வீதிகளில் மலையாளம் மெல்ல மெல்லக் கேட்காமல் போனது. இதற்கு முன்பே, கொல்வினும் தோழர்களும் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள், கொல்வின் அதன் முதல் தலைவர். ஆலை வாசலில் கிடைத்த அனுபவம் அதற்குள் இருந்தது.

வெள்ளவத்தைக்கு யாழ்ப்பாணத்தார் வந்த விதமும் புவியியல்தான். ஆறில்லாத, கிணற்றுத் தண்ணீரை நம்பிய குடாநாடு. பிரிக்கப் பிரிக்கக் குறைந்த காணி. மிஷன் பள்ளிக்கூடங்கள் கொடுத்த ஆங்கிலம். 1905இல் றெயில் பாதை முழுமையாக இணைந்ததும் கந்தோர் உத்தியோகம் ஒரு இரவுப் பயணத்தில் வந்துவிட்டது. மாதம் பிறந்தால் மணியோடர் வடக்கே போகும், வேலை கிடைத்த தம்பி தெற்கே வருவான். கரையோர றெயிலில் கோட்டைக்குப் போய்வர வசதியான ஊர் இது. கிளாக்கர்மார் போராட மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. 1947 ஜூன் 5ஆம் திகதி, அரசாங்க எழுதுவினைஞர் வேலைநிறுத்த ஊர்வலத்தின் மேல் பொலிஸ் சுட்டபோது விழுந்தவர் கந்தசாமி என்ற எழுதுவினைஞர். அவருடைய நினைவு சிங்களத் தொழிற்சங்கக்காரரிடம் இருக்கும் அளவுக்கு எங்களிடம் இல்லை. அதற்கு 1956க்குப் பிறகு நடந்தவை காரணம். சிங்களம் மட்டும் என்ற மொழிச்சட்டம் கந்தோரைக் கையைவிட்டு எடுத்தது. 1958, 1983 கலவரங்களின்போது இந்தத் தெருக்களிலிருந்து மக்கள் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். படுக்கை இருந்த இடத்தில் உயிர் தங்காது என்றான பிறகு சங்கம் எங்கே தங்கும்?

வழியைப் பற்றி இன்னொன்று. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லை என்று சொன்னார்கள். அடுத்தநாள் உயர்நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது, பிரதமர் வருத்தம் தெரிவித்தார். இதை மனித உரிமை விஷயமாகவே பேசிவருகிறோம், சரிதான். நான் அதைத் தொழில் விஷயமாகவும் பார்க்கிறேன். லொட்ஜில் இருந்தவர்களில் பலர் பாஸ்போர்ட்டுக்கும் ஏஜென்சிக்கும் வேலைக்கும் வந்தவர்கள். வேலை தேடுவது தங்குவதற்குக் காரணம் ஆகாது என்றால், வேலை கிடைத்தவன் வாயைத் திறப்பானா? பொலிஸ் பதிவுத் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு புடவைக் கடையில் பன்னிரண்டு மணிநேரம் நின்ற பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சம்பளம் போதாது என்று அவர்கள் ஏன் கேட்கவில்லை என்பது விளங்கும். லொட்ஜ்காரரின் கையெழுத்தும் கடைக்காரரின் கடிதமும் இல்லாமல் அன்றைக்கு அடுத்த சோதனைச் சாவடியைத் தாண்ட முடியவில்லை.

புவியியலாளர் அன்ட்ரூ ஹெரொட் 1997இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றிச் சொல்லவேண்டும். டேவிட் ஹார்வி போன்ற புவியியலாளர்கள் மூலதனம் தன் நெருக்கடியைத் தீர்க்க இடம்விட்டு இடம் நகர்கிறது என்று காட்டியிருந்தார்கள். ஹெரொட் கேட்டார்: தொழிலாளி மட்டும் படத்தின் மேல் வைத்த பொம்மையா? அவரும் தன் தேவைக்கேற்பப் படத்தை மாற்ற முயலவில்லையா? இந்தக் கேள்வியை வைத்துக் கொண்டு கட்டுநாயக்கவைப் பாருங்கள்.

1978இல் அங்கே சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபோது திட்டம் போட்டவர்கள் வேலி, வாசல், விமான நிலையம் எல்லாவற்றையும் யோசித்தார்கள். கிராமத்திலிருந்து வரும் ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அயலூர்க்காரர் கொல்லைப்புறத்தில் அறை கட்டிப் போர்டிங் என்று வாடகைக்கு விட்டார்கள். ஓர் அறையில் நாலு பேர், நாலு பேரும் வெவ்வேறு தொழிற்சாலை. இரவில் சோறு சமைக்கும்போது சம்பளத் துண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வலயத்துக்குள் சங்கம் நுழையக் கஷ்டப்பட்டது, போர்டிங்கில் அதற்கு அழைப்பிதழ் தேவைப்படவில்லை. 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் வந்தபோது மே 30ஆம் திகதி அந்தப் பிள்ளைகள் வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக்க என்ற இளைஞர் உயிரிழந்தார். சட்டமூலம் மீளப்பெறப்பட்டது. கொட்டாஞ்சேனை வரிசை வீட்டில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது: வாடகை வாங்கியவர் ஒருவர், வேலை வாங்கியவர் இன்னொருவர்.

மூலதனம் சும்மா இருக்கவில்லை. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் திட்டத்தைத் தொடங்கினார். 2009இல் போர் முடிந்த பிறகு ஆடைக் கொம்பனிகள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தன. இப்போது பிள்ளை தாயின் வீட்டில் படுக்கிறாள். கொம்பனி பஸ் வந்து ஏற்றி, கேற்றுக்குள் இறக்கி, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. கிளிநொச்சியில் ஒரு தாய்க்கு இது எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியும், பழிக்க மாட்டேன். ஆனால் நடந்துபோக ஒரு றோட்டும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு போர்டிங்கும் அங்கே இல்லை. மற்றத் தொழிற்சாலையில் என்ன கொடுக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிய வழியே இல்லை.

துறைமுகத்துக்குத் திரும்புகிறேன். 1985இல் ஜய கொள்கலன் முனையம் வந்தது. மூட்டைக்குப் பதில் இரும்புப் பெட்டி, முதுகுக்குப் பதில் பாரந்தூக்கி. ஆயிரம் பேர் செய்த வேலையைச் சில பேர் செய்கிறார்கள். அந்தச் சில பேருக்கு முன்பில்லாத பலம். ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் அதிகமான கொள்கலன் அலகுகள் கைமாறும் இடம் இது, பெரும்பகுதி இந்தியாவோடு தொடர்புடைய சரக்கு. 2021 ஜனவரியில் கிழக்கு முனையத்தை இந்திய, ஜப்பானிய பங்காளிகளோடு நடத்தும் திட்டத்தை எதிர்த்து 23 சங்கங்கள் ஒன்றாக நின்றன. பெப்ரவரி முதலாம் திகதி அரசாங்கம் இறங்கி வந்து, முழுவதையும் துறைமுக அதிகாரசபையே வைத்திருக்கும் என்றது. தொழிலாளர் பலத்துக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? அதற்குள் கலந்திருந்த இந்திய எதிர்ப்புக் கோஷம் 1933ஐ எனக்கு நினைவூட்டியது, அதையும் மறைக்கமாட்டேன். கொஞ்ச மாதத்தில் அதே துறைமுகத்தின் மேற்கு முனையத்தில் 51 வீதம் இந்தியாவின் அதானி கொம்பனிக்குப் போனது. 2025இல் அது இயங்கத் தொடங்கியது. மூலதனம் ஊரை விட்டுப் போகவில்லை. அதே அலைதடுப்புக்குள் பக்கத்துத் துறைமேடைக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

முதுகில் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பலர் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை. மலையகத்திலிருந்து வந்த இளைஞரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். முன்பு அங்கிருந்த மனிங் சந்தைக்கு மரக்கறி லொறி நடுச்சாமத்தில் வரும், கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு மணிக்கு நடந்து போய் இறக்கிவிட்டு விடியத் திரும்பலாம். 2020 நவம்பரில் புதிய மனிங் சந்தையைக் களனி ஆற்றுக்கு அந்தப்பக்கம் பேலியகொடையில் திறந்தார்கள். நெரிசலுக்கு நல்ல தீர்வு, நானும் அந்த வீதியில் பஸ்ஸில் தவித்தவன்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பேலியகொடைக்குப் போக பஸ் இல்லை. ஓட்டோவுக்குக் கொடுத்தால் கூலியில் எவ்வளவு மிஞ்சும்? சந்தையை மாற்றுவதற்கு வியாபாரிகளிடம் கருத்துக் கேட்டார்கள். மூட்டை சுமப்பவனுடைய கால்நடைத் தூரம் எந்தத் திட்ட அறிக்கைக்கும் அளவாக இருக்கவில்லை.

முடுக்கு வீடுகளை இடித்து மாடிகளில் குடியேற்றும் திட்டத்திலும் இதே குறை. ஹேனமுல்லையிலும் தெமட்டகொடையிலும் நிற்கும் மாடிகளைப் பாருங்கள். ஒழுகாத கூரை, உள்ளே மலசலகூடம், சொந்தமாகும் என்ற நம்பிக்கை. இதெல்லாம் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தெருவாசலில் அடுப்பு வைத்து அப்பமும் இடியப்பமும் விற்ற பெண் எட்டாம் மாடியில் யாருக்கு விற்பாள்? அவளுக்கு வாசல்தான் கடை. கடன் கொடுத்த மூலைக் கடைக்காரரும் வேறு மாடிக்குப் போய்விட்டார். மாதத் தவணை கட்டத் தவறினால் கேட்க வருவது பழைய வீட்டுக்காரர் அல்ல, அரச அதிகாரசபை. 2020 ஒக்டோபரிலிருந்து பல கிழமைகள் கொவிட் தொற்றால் வடகொழும்பு முடக்கப்பட்டபோது, படுக்கையும் பிழைப்பும் வேறு வேறு இடமாக உள்ளவர்கள் என்னவானார்கள் என்று பார்த்தோம். வெள்ளவத்தை மாடிகளில் மடிக்கணினியைத் திறந்து வேலை பார்த்தார்கள். முகத்துவாரத்தில் நிவாரணப் பொதிக்கு வரிசை நின்றார்கள்.

கடைசியாக, இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் உழைத்த பணம் இந்த ஊரில் மாடிமாடியாக எழும்பி நிற்கிறது. அநேகமான வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. அதில் படுப்பவள் மலையகத்திலிருந்து வந்திருப்பாள். லயக் காம்பராவில் படுத்தவளின் மகள். அவளுக்குப் படுக்கும் இடமும் பிழைக்கும் இடமும் ஒன்றேதான், நடுவில் வழியே கிடையாது. லயத்திலாவது பக்கத்துக் காம்பரா இருந்தது, சுவருக்கு அந்தப்பக்கம் இருமல் சத்தம் கேட்கும். இங்கே பக்கத்து வீட்டுப் பெண்ணை அவள் லிப்ட்டில்தான் காணவேண்டும்.

1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்து வைத்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ஒரு தொடர்மாடியில் ஏழு வேலைக்காரப் பெண்கள் தாராளமாக இருப்பார்கள். ஏழு பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார ஒரு மணிநேரம் எங்கே இருக்கிறது? சட்டத்திலும் அவர்களுக்கு இடம் குறைவு. வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்ய 1871இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2016இன் தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியது. சிலர் மலையகச் சங்கங்களின் துணையோடு வீட்டுப் பணியாளர் சங்கம் கட்டியிருக்கிறார்கள். அவர்களைச் சந்திப்பது எங்கே என்றால், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம், அல்லது ஊருக்குப் பணம் அனுப்பும் கடை வாசல். காலி வீதியில் சாப்பாட்டுக் கடைகளுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் காத்திருக்கும் பிக்மீ, ஊபர் பையன்களுக்கு அந்த வகையில் வசதி அதிகம். அவர்களுக்கு முதலாளியின் முகம் தெரியாது, ஆனால் காத்திருக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கொமிஷன் எவ்வளவு பிடித்தார்கள் என்று அங்கே நின்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. உங்கள் வீட்டில் வேலைக்கு நிற்கும் பிள்ளைக்குக் கிழமையில் ஒரு முழுநாள் விடுமுறை உண்டா? கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதை நான் கணக்கில் எடுக்கவில்லை. தன் பாட்டில் வெளியே போய், தன்னைப்போல் ஆறு பேரோடு தேநீர் குடித்துவிட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பும் நாள். இந்த ஊரில் கலியாண மண்டபங்களுக்கும் சங்கக் கட்டடங்களுக்கும் குறைவில்லை. ஞாயிறு பின்னேரம் அவற்றில் ஓர் அறையைத் திறந்துவிடுவதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இங்கே நிர்வாகத்தில் உள்ளவர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். கேள்வி நேரத்தில் முதலில் அவர்கள் பதில் சொல்லட்டும், பிறகு என்னைக் கேளுங்கள்.